பழைய கடற்படை வில்லுக்கத்திக்குப் புதிய பிடி: எந்த மரம், எந்த ஆணி?

கேள்வி (திருகோணமலை நகர்):
வணக்கம். கடற்படைத் தளத்தை 1957இல் பிரித்தானியர் இலங்கையிடம் கையளிக்கும் வரை அங்கே வேலை செய்த என் அப்பப்பாவின் மடக்கு வில்லுக்கத்தி இப்போது என்னிடம் இருக்கிறது. அகன்ற அலகு, டின் திறக்கும் கருவி, கயிற்றுப் புரிகளைப் பிரிக்கும் தடித்த முள், தொங்கவிடும் வளையம் ஆகிய யாவும் உறுதியாகவே உள்ளன. பிரித்தானிய அரச உடைமையைக் குறிக்கும் அம்புக்குறியும் அழியவில்லை. பிடியில் பதித்த கட்டமிட்ட கறுப்பு நெகிழி மட்டும் ஒருபுறம் வளைந்து வெடித்துவிட்டது. மறுபுறம் முழுமையாக இருந்தாலும், முகர்ந்தால் வினாகிரி மணம் வீசுகிறது. வெடித்த புறத்தை மாத்திரம் மாற்றினால் போதுமா? எந்த மரம் பொருந்தும்?

மறுமொழி (உப்புவெளி, தச்சுத் தொழில்):
தம்பி, வினாகிரி மணம் வருவதால் அந்த நெகிழி செல்லுலோஸ் அசிற்றேற்றாக இருக்க வேண்டும். பழைய திரைப்படச் சுருள்களைக் கெடுப்பதும் இதே சிதைவுதான். அதிலிருந்து கசியும் அமிலம் அருகிலுள்ள எஃகை அரிக்கும் என்பதால், நல்ல புறத்தையும் கழற்றிவிடுங்கள். ஆனால் எறிந்துவிடாதீர்கள், புதிய பிடியை அறுப்பதற்கு அதுவே அளவு. பிறகு அதைக் கடதாசியில் சுற்றிக் கத்தியிலிருந்து தள்ளி வையுங்கள்.

கழற்றுமுன் ஆணிகளை ஒவ்வொன்றாக இனங்காண வேண்டும். நெகிழியை அதன் அடியிலுள்ள எஃகுத் தகட்டோடு பிணைக்கும் சிற்றாணிகளை மட்டும் துளைத்தெடுக்கலாம். அலகும் முள்ளும் சுழலும் அச்சாணிகளையும், அலகை இறுக்கிப் பிடிக்கும் வில்லைத் தாங்கும் ஆணியையும் தொடவே கூடாது. அவற்றைத் தட்டி எடுத்தால் வில்லின் இறுக்கத்தைத் திரும்பக் கொண்டுவருவது கைதேர்ந்த கொல்லருக்கும் கடினம். அச்சாணியின் தலை பிடிக்கு மேலே தெரியுமானால், அந்தத் தலை நுழையும் அளவுக்குப் புதிய மரத்தில் துளையிட்டு மேலிருந்து இறக்கிப் பதியுங்கள்.

மரத்தைப் பொறுத்தவரை நான் சாவண்டலையைத்தான் சொல்வேன். இங்கிருந்து சென்னைக்கு ஏற்றுமதியாகி, அக்கரையின் பேரலைகளைத் தாங்கும் மசூலாப் படகுகளுக்குப் பயன்பட்ட மரம் அது. வளைந்து கொடுக்கும், எளிதில் பிளக்காது. கருங்காலி அழகானதுதான், ஆனால் மெல்லிய தகடாக அறுத்தால் ஆணித் துளையில் வெடிக்கும். பனை வைரமோ ஓரங்களில் சிலாம்பு எழும்பிக் கையைக் குத்தும். பழைய கதவு, அலுமாரி ஆகியவற்றில் மிஞ்சிய துண்டு கிடைத்தால் அதுவே மேல், ஏனெனில் மாரியில் அறுத்த ஈரமரம் வறண்ட கச்சான் காற்றில் சுருங்கித் தகட்டின் விளிம்பை வெளியே காட்டிவிடும். அரல்டைட் பசை பூசிப் பொருத்தி, பித்தளைக் கம்பியை ஆணியாக்கி, சிறு சுத்தியலால் மெதுவாகத் தறைந்துவிடுங்கள்.

மறுமொழி (கிண்ணியா):
ஐயா சொன்ன மரத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் உப்புக்காற்றடிக்கும் நம் கரையில் பித்தளையையும் எஃகையும் சேர்த்தால், எஃகு விரைவில் துருப்பிடிக்காதா? எங்கள் பக்கம் எருமைக் கொம்பு எளிதாகக் கிடைக்கும். கறுப்பு நிறம் பழைய தோற்றத்துக்கும் நெருக்கமாக இருக்கும். மான்கொம்பு வேண்டவே வேண்டாம், வனவிலங்குச் சட்டம் அதற்கு இடமளிக்காது.

மறுமொழி (உப்புவெளி):
கேட்க வேண்டிய கேள்விதான். பெரிய பித்தளைப் பரப்போடு சிறிய எஃகு சேர்ந்தால் அந்த எஃகு வேகமாக அரிபடும்; இங்கே ஆணி சிறிது, தகடு பெரிது என்பதால் பாதிப்பு மிகக் குறைவு. தகட்டுக்கும் மரத்துக்கும் இடையே அரல்டைட் முழுவதும் பரவியிருந்தால் ஈரம் புகாது. கொம்பும் நல்ல பொருளே. ஆயினும் அதைச் சூடாக்கி அழுத்தித் தட்டையாக்கி, நன்கு உலரவிட்ட பின்னரே அறுக்க வேண்டும், பின்னாளில் பூச்சி அரிக்காமலும் பார்க்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. எங்கள் பழைய வீட்டின் சாவண்டலை யன்னற் சட்டம் ஒன்று இருக்கிறது, அதிலிருந்தே அறுக்கிறேன். மெருகுக்குத் தேங்காய் எண்ணெய் போதுமா?

மறுமொழி (உப்புவெளி):
போதாது, அது உலராமல் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். ஆளிவிதை எண்ணெயை மெல்லிதாகத் தடவித் துடைத்து, ஒரு பூச்சு நன்கு காய்ந்த பின் அடுத்ததைப் பூசுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவையுங்கள், குவித்து வைத்தால் தானாகவே தீப்பற்றக்கூடும். அம்புக்குறி உள்ள இடத்தில் அரத்தாளைப் போடாதீர்கள்.