எபிரேயம் பிழைத்த கதையும் யிட்டிஷுக்கு விழுந்த அடியும்

செந்தமிழ்வேள்
பேருந்து என்று எழுதினால் வாயைப் பொத்திச் சிரிக்கும் அன்பர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏறத்தாழ 1700 ஆண்டுகள் எந்த வீட்டிலும் அடுப்படியில் புழங்காமல், தொழுகையிலும் ஏட்டிலும் மட்டும் கிடந்த மொழி எபிரேயம். அதை மீண்டும் பேச்சுமொழியாக்கப் புறப்பட்ட யூதர் எலியேசர் பென் யெகுதா 1881இல் எருசலேம் வந்து இறங்கினார். அகராதிக்குச் சொல் இல்லை, செய்தித்தாளுக்குச் சொல் இல்லை, துவாலைக்கும் இல்லை. உட்கார்ந்து ஆக்கினார்: மிலோன், இத்தோன், மகேவெத். 1882இல் பிறந்த அவர் மகன்தான் இக்காலத்தில் எபிரேயத்தைத் தாய்மொழியாகக் கொண்ட முதல் பிள்ளை. 1922இல் அவர் இறப்பதற்குள் அது பாலத்தீனத்தின் ஆட்சிமொழிகளில் ஒன்று. நாற்பதே ஆண்டு! நாம் இன்னும் 'பஸ் ஸ்டாண்ட்'டில் நின்றுகொண்டிருக்கிறோம்.

பொடிமட்டை
வேள் ஐயா, வணக்கம். மிலோன் வந்தது சரி, தக்காளி என்ன ஆச்சு? பென் யெகுதா அரபியைத் தழுவி 'பதூரா' என்றார். சனங்கள் கேட்கவில்லை, 'அக்வானியா' என்றார்கள். அதன் வேர்ச்சொல்லுக்குக் காமம் என்று பொருள். இன்று அங்கே காய்கறிக்கடையில் எல்லாரும் கூசாமல் கிலோ கணக்கில் வாங்குவது அந்த அக்வானியாவைத்தான். டெல் அவீவில் போனை வைக்கும்போது 'யல்லா பை' என்பார்கள். முதல் பாதி அரபி, மறுபாதி இங்கிலீஷ். நடுவில் விடுகிற மூச்சுதான் எபிரேயம்.

அந்தப் பிள்ளையின் கதையையும் முழுசாகச் சொல்லுங்கள். வேறு மொழி காதில் விழக்கூடாது என்று அப்பா கட்டுக்காவல் போட்டார். ஒருநாள் அம்மா தன்னை மறந்து ரஷ்யத் தாலாட்டு பாடிவிட்டாளாம், மனுஷன் கொதித்துப்போய் மேசையை உடைத்தாராம். மகனே பின்னாளில் எழுதியது. தாலாட்டுக்கு மேசையை உடைக்கிற வீட்டில் வளர்வதற்கு நான் பஸ் ஸ்டாண்டிலேயே நின்றுகொள்கிறேன்.

செந்தமிழ்வேள்
சிரிப்புக்கு நன்றி. தக்காளி தோற்றது, மின்சாரம் வென்றதே? எசேக்கியேல் ஏட்டில் தீக்கு நடுவே ஒளிரும் பொருளாக வரும் 'கசுமல்' என்ற பழஞ்சொல்தான் இன்று அங்கே மின்கட்டணச் சீட்டில் நிற்கிறது. அங்கொன்றும் இங்கொன்றும் தோற்றதால் முயற்சியே வீண் என்பது வழக்கறிஞர் பேச்சு.

பொடிமட்டை
முயற்சி வீண் என்று நான் எங்கே சொன்னேன்? அதற்கு விலை கொடுத்தது யார் என்றுதான் கேட்கிறேன். இரண்டாம் உலகப்போருக்கு முன்னால், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வீட்டுமொழியான யிட்டிஷ் பேசியவர்கள் ஒரு கோடிக்கு மேல். நாடகம், நாளிதழ், தொழிற்சங்கம், கெட்ட வார்த்தை, எல்லாம் அதில் இருந்தது. 1908இல் செர்னோவிட்ஸ் நகரில் யிட்டிஷ்காரர்கள் கூட்டிய மாநாட்டில் யிட்டிஷைத் தங்கள் 'ஒரு' தேசிய மொழி என்பதா, 'ஒரே' தேசிய மொழி என்பதா என்று மல்லுக்கட்டி, கடைசியில் 'ஒரு' என்று முடித்தார்கள். பாவம், மற்றவனுக்கும் இடம் விட்டார்கள். எபிரேயக்காரர்கள் விட்டார்களா? டெல் அவீவில் 1923இல் மொழிக்காவலர் படையே கட்டினார்கள். தெருவில் யிட்டிஷ் பேசினால் 'எபிரேயனே, எபிரேயம் பேசு' என்று அதட்டல்.

இஸ்ரேல் நாடு அமைந்த பிறகும் யிட்டிஷில் தினசரி நடத்த அனுமதி கிடைக்கவில்லை. ஒரு பத்திரிகைக்காரர் என்ன செய்தார் தெரியுமா? ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு பெயரில், மறுநாள் வேறு பெயரில். சட்டப்படி இரண்டு பத்திரிகை, படிக்கிறவனுக்குத் தினமும் செய்தி. இந்த மூளைக்காகவே அந்த மொழியை வாழ விட்டிருக்கலாம்.

செந்தமிழ்வேள்
பொடிமட்டை, கொலைக்குற்றத்தை ஆள் மாற்றிச் சுமத்துகிறீர். இத்திசு, நீர் 'யிட்டிஷ்' என்பது, பேசியோரைக் கொன்றது இட்லர். இத்திசு எழுத்தாளர்களை 1952 ஆகசுட்டு 12 இரவில் மாசுகோவில் சுட்டுக் கொன்றது சுடாலின் அரசு. நியூயார்க்கில் அதைக் கொன்றது யார்? யாருமில்லை. பிள்ளைகள் ஆங்கிலம் படித்து நல்ல வேலைக்குப் போனார்கள், அவ்வளவே. பென் யெகுதா ஒருவரையும் கொல்லவில்லை.

இன்னொன்று. ஏமனிலிருந்து வந்த யூதருக்கும் பாக்தாதிலிருந்து வந்தவருக்கும் மொராக்கோவிலிருந்து வந்தவருக்கும் இத்திசு எவ்வகையில் சொந்தம்? அது கிழக்கு ஐரோப்பாக்காரர் மொழி. அதைத் தேசிய மொழி ஆக்கியிருந்தால் மற்றவர் தலையில் ஏற்றிய சுமையாகியிருக்கும். எபிரேயம் ஒருவருக்கும் வீட்டுமொழி இல்லை. அதனாலேயே எல்லாருக்கும் பொதுவானது.

பவளக்காரத்தெரு
வேள் சொல்வதில் பாதி சரி. பொதுமொழி இல்லாத கூட்டம், பள்ளிக்கூடப் பிள்ளைகள், இந்த இரண்டும்தான் எபிரேயத்தை ஓட வைத்தன, சொல்லாக்கம் அப்புறம்தான். நமக்கு அந்த நிலைமையே இல்லை. இங்கே ஏற்கெனவே எல்லாரும் தமிழ்தான் பேசுகிறோம், ஆகவே உவமை ஒட்டவில்லை.

இடைச்செருகல் ஒன்று, பொறுத்தருள்க. விவிலியத்தில் சாலமோனுக்குக் கப்பலில் வந்த சரக்குப் பட்டியலில் 'துக்கி' என்றொன்று உண்டு. மயில். அது நம் தோகைதான் என்று கால்டுவெல் 1856இலேயே எழுதினார். இன்றைய எபிரேயத்தில் 'துக்கி' என்றால் கிளி! மயிலுக்கு வேறு சொல் வந்துவிட்டது. நம் தோகை அங்கே போய்ப் பேசக் கற்றுக்கொண்டது போலும்.

கொச்சி யூதர்களையும் இருவருமே மறந்தீர்கள். கி.பி. 1000ஐ ஒட்டி, முயிரிக்கோட்டிலிருந்து சேரன் பாஸ்கர இரவிவர்மன் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு அஞ்சுவண்ணமும் (வணிகக்குழு) எழுபத்திரண்டு உரிமைகளும் கொடுத்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. அவர்கள் வீட்டில் பேசியது மலையாளம், பெண்கள் கல்யாணத்தில் பாடியதும் மலையாளப் பாட்டு. 1950களில் கப்பலும் விமானமும் ஏறி இஸ்ரேலுக்குப் போனார்கள். அந்த மலையாளத்துக்காக அழ யாருமில்லை.

பொடிமட்டை
தெரு அண்ணா, அதைத்தான் நானும் சொல்கிறேன், நீங்கள் மரியாதையாகச் சொல்கிறீர்கள். வேள் ஐயாவுக்கு ஒரே ஒரு கேள்வி. 2018இல் இஸ்ரேல் நாடாளுமன்றம் தேசிய-அரசுச் சட்டம் கொண்டுவந்து அரபியை ஆட்சிமொழி நிலையிலிருந்து இறக்கி, 'சிறப்புத் தகுதி' என்று ஒரு மிட்டாயைக் கையில் கொடுத்தது. அங்கே ஐந்தில் ஒருவர் அரபுக் குடிமக்கள். மூச்சுக்கு மூச்சு 1965ஐச் சொல்கிற நீங்கள் இதற்கு என்ன சொல்வீர்கள்?

செந்தமிழ்வேள்
அச்சட்டத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. எழுதி வைத்துக்கொள்ளும். ஆனால் அது 2018ஆம் ஆண்டு அரசியல்வாதிகள் செய்தது, 1881இல் வந்த காசநோய்க்காரர் செய்ததன்று.

இத்திசு ஒழிந்துவிட்டது என்று ஒப்பாரி வைக்கிறீரே, நியூயார்க்கின் புரூக்ளினில் வில்லியம்சுபர்க் பக்கம் போய்ப் பாரும். பிள்ளைகள் தெருவில் கத்தி விளையாடுவது அதில்தான்.

பொடிமட்டை
அது இன்னும் பெரிய வேடிக்கை. நாடகமும் நாவலும் எழுதிய மதச்சார்பற்ற கூட்டம் யிட்டிஷை உயிராக நினைத்தது, அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு அது தெரியாது. எபிரேயம் புனிதம், அதில் போய்க் கத்தரிக்காய் விலை கேட்பதா என்று நினைத்த ஹசிதிய பக்தர்கள், அதாவது பழைய மரபை விடாத யூதப் பிரிவினர், சும்மா பேசிக்கொண்டே இருந்தார்கள், அவர்களிடம்தான் மொழி இருக்கிறது. 2024 ஜூனில் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் அவர்களுடைய மதப்பள்ளி மாணவர்களும் ராணுவத்துக்கு வரவேண்டும் என்றது. அவர்கள் வாழும் எருசலேம் பேட்டையான மெயா ஷெயாரிமில் சுவரெல்லாம் கண்டனச் சுவரொட்டிதான். மதுரைக்காரன் பார்த்தால் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருக்கும்.

(மொழிக்கும் கிளைமொழிக்கும் வித்தியாசம் ஒரு ராணுவமும் கப்பற்படையும் என்ற மேற்கோளை யாராவது போடுவதற்கு முன்: போட வேண்டாம். படித்துவிட்டோம்.)

நாகர்கோவில்காரி
நான் ஹைஃபாவில் ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன், ஆறு வருஷமாச்சு. 91 வயசு. நீங்க சொன்ன செர்னோவிட்ஸ்தான் அவங்க பிறந்த ஊர், ராத்திரி உங்க எழுத்தைப் படிச்சதும் திடுக்கிட்டுப்போச்சு. பேரப்பிள்ளைகள் 'சாவ்தா'ன்னு கூப்பிடும். எபிரேயத்தில் பாட்டி. அவங்களுக்கு 'பூபே'ன்னு கூப்பிடணும்னு ஆசை, ஒருத்தரும் கூப்பிடல்ல.

என்கிட்ட எபிரேயத்தில்தான் பேசுவாங்க. ஆனா ராத்திரி மாத்திரையை உள்ளங்கையில் வச்சு எண்ணும்போது மட்டும் யிட்டிஷ்: எய்ன்ஸ், ட்ஸ்வே, ட்ரை, ஃபிர். நாலாவது வெள்ளை மாத்திரை, அதை எப்பவும் கீழே போடுவாங்க. உடனே ஒரு வசவு, அதுவும் யிட்டிஷ். அர்த்தம் கேட்டா சொல்லமாட்டாங்க.

சின்ன வயசில் பஸ்ஸில் அம்மாகூட யிட்டிஷ் பேசினதுக்கு எவனோ திட்டினானாம். அதைச் சிரிச்சுக்கிட்டே சொல்வாங்க. எபிரேயம் வந்ததால கஷ்டமான்னு கேட்டேன். 'மொராக்கோக்காரனைக் கட்டினேனே, வேற எந்த மொழியில் சண்டை போட்டிருப்பேன்?'னாங்க. அதனால நான் இங்கே எந்தப் பக்கமும் சேரல்ல.

செந்தமிழ்வேள்
தங்கை, அந்த மொராக்கோக்காரர் எடுத்துக்காட்டு என் கட்சிக்குச் சான்று. குறித்துக்கொண்டேன்.

பொடிமட்டை
வசவு என் கட்சி. அக்கா, அது என்ன வசவு என்று எப்படியாவது கேட்டுச் சொல்லுங்கள்.

செந்தமிழ்வேள்
இன்னொரு திருத்தம். 'யிட்டிஷ்' என்று எழுதுவது பிழை. தொல்காப்பியப்படி யகரம் ஆகாரத்தோடு மட்டுமே மொழிமுதலாகும். 'இத்திசு' என்க.

பொடிமட்டை
ஒரு கோடிப் பேர் தங்கள் மொழிக்கு வைத்த பெயருக்கே உள்ளே வர அனுமதி இல்லையா?

நாகர்கோவில்காரி
சாவ்தா ரெண்டுமே சொல்லமாட்டாங்க. 'மாமெ லோஷ்ன்'ம்பாங்க. அம்மா மொழின்னு அர்த்தமாம்.

செந்தமிழ்வேள்
'லோஷ்ன்' எபிரேயச் சொல் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

பொடிமட்டை
ஐயா, ஷகரம் போட்டுவிட்டீர்கள்.