புதுப்பிப்பு: ₹, °, ½ குறிகளை டெர்மினலிலிருந்தே காப்பி செய்வது

கோத்தகிரிப் பக்கம் பச்சைத் தேயிலை பில் போடுபவர்களுக்காக முன்பு எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட் (லினக்ஸ் டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் திரையில், ஓடும் சிறு நிரல்) இதுதான்: ‘ரூ’ என்று கொடுத்தால் ₹, ‘அரை’ என்றால் ½ கிளிப்போர்டில் ஏறும். அதில் சில திருத்தங்கள்.

குறியை அனுப்பும் ‘எக்கோ’ கட்டளையை எடுத்துவிடுங்கள். குறியின் வாலில் ஒரு புதுவரியையும் சேர்த்து அனுப்புகிறது. ஒட்டினால் ₹ ஒரு வரியில், தொகை அடுத்த வரியில். அதற்குப் பதில் ‘பிரிண்ட்எஃப்’ போட்டால் குறியை மட்டும் அனுப்பும். கிளிப்போர்டில் ஏற்றும் கட்டளையான எக்ஸ்கிளிப்புக்கு ‘செலக்ஷன் கிளிப்போர்டு’ என்று சொல்லாவிட்டால் மவுஸ் நடு பட்டனில்தான் ஒட்டும். கன்ட்ரோல்-வி பழையதையே தரும். வேலண்ட் என்ற திரை அமைப்பு ஓடும் லினக்ஸில் எக்ஸ்கிளிப்புக்குப் பதில் ‘டபிள்யூஎல்-காப்பி’.

பெரிய வம்பு ஊர்ப் பெயரில்தான். ‘கோ’வை க, ோ என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம், யூடிஎஃப்-8-இல் (எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் முறை) 6 பைட். க, ே, ா என்று மூன்றாகவும் எழுதலாம், 9 பைட். திரையில் இரண்டும் ஒன்றே. ‘கிரெப்’ என்ற தேடும் கட்டளையில் ஒன்றைக் கொடுத்தால் மற்றது சிக்காது. கொடைக்கானலின் ‘கொ’வுக்கும் இதே கதி. ஊர்ப் பெயர்கள் உள்ள பட்டியல் கோப்பை ‘யூகான்வ்’ என்ற மாற்றும் கட்டளை வழியாக ஒருமுறை என்எஃப்சி (பிரிந்த குறியீடுகளைச் சேர்த்து எழுதும் யூனிகோடு வடிவம்) ஆக்கிவிட்டால் தீரும்.

‘ஸ்ரீ’ மட்டும் அப்படித் தீராது. ஸ போட்டதும் ஶ போட்டதும் பல எழுத்துருக்களில் ஒரே உருவம்தான், ஆனால் யூனிகோடு கணக்கில் வெவ்வேறு. அதைக் கையால்தான் மாற்ற வேண்டும்.