கார்த்திகைக் கொழுக்கட்டைக்கு ஓலை வேண்டும்

அண்ணாச்சிமாருக்கும் மதினிமாருக்கும் வணக்கம்.

போன கார்த்திகைக்கு ஊரில் சொக்கப்பனை கொளுத்தியதைத் தம்பி வீடியோ காலில் காட்டினான். அங்கே மணி ஏழு. இங்கே துபாயில் ஐந்தரை. அலுவலகப் படிக்கட்டில் நின்று பார்த்தேன். ஓலை சடசடவென்று பற்றும் நேரத்தில் படம் நின்றுவிட்டது. திரும்ப வந்தபோது கரி எடுக்கச் சனங்கள் முண்டிக்கொண்டிருந்தார்கள். சரி, பார்த்தவரை போதும்.

வீட்டில் ஐந்து அகல், தாம்பாளத்தில், வாசலுக்கு உள்ளேயே. பால்கனியில் தீ கூடாது என்று கட்டடத்தில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அதிலெல்லாம் வருத்தமில்லை.

கொழுக்கட்டைதான் கையை விரித்துவிட்டது. பச்சரிசி மாவு இருக்கிறது, சிறுபயறு இருக்கிறது, தேங்காய், சுக்கு, ஏலக்காய் எல்லாம் கிடைக்கிறது. உடன்குடிக் கருப்பட்டி ஊரிலிருந்து வந்தது. பனையோலைக்கு எங்கே போக? தெரு முழுக்க ஈச்சமரம் நிற்கிறதே என்று ஒரு மட்டையைக் கொண்டுவந்தேன். இலை விரல் அகலம்கூட இல்லை. அடியில் முள் வேறு. என் வீட்டுக்காரி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. மலையாளி கடையில் வாழையிலை வாங்கி அதில் வைத்து அவித்தோம். ருசிக்குக் குறையில்லை, ஆனால் அது அடை.

ஆச்சி பனங்குருத்தைச் சாண் நீளத்துக்கு நறுக்கி, மாவை உள்ளே வைத்து மடக்கி, ஓலை நாராலேயே கட்டுவாள். பானை அடியில் தண்ணீர், அதன்மேல் ஓலைத் துண்டுகள், அதன்மேல் கட்டிய கொழுக்கட்டைகள். ஆவி கிளம்பினால் தெருவுக்கே வாசம் வரும். பிரித்தால் மாவில் ஓலையின் வரி பதிந்திருக்கும். அந்த வரியில் ஒட்டிய மாவைப் பல்லால் சுரண்டித் தின்னாதவர்கள் இந்தக் குழுவில் யாராவது உண்டா?

முந்தின வருசம் பெரிய மதினி கொடுத்துவிட்ட ஓலை காய்ந்து சருகாக வந்தது. ராத்திரி முழுக்கத் தொட்டியில் ஊறப்போட்டதும் மடங்கியது. அவிக்கும்போது வாசமும் பாதி திரும்பியது. என் மகள் மட்டும், “மரத்தைச் சாப்பிடுற மாதிரி இருக்கு” என்றாள். ஆனாலும் ஆறு தின்றாள்.

அதனால் கேட்கிறேன்: கார்த்திகைக்கு முன்னால் திருவனந்தபுரம் வழியாக இங்கே வருபவர்கள் இருந்தால், குருத்து ஒன்று போதும். ஈரத்துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். விமான நிலையத்துக்கு நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். கொழுக்கட்டையில் பங்கு உண்டு.