'சோறு போடு' என்றாலும் ரிலே ஆன் ஆகிறது, எங்கே தப்பு?

கிணத்துக்காரன்:
அப்பாவுக்கு முழங்கால் வலி, மோட்டார் ரூம் வரை நடப்பதே பெரும்பாடு. திண்ணையில் உட்கார்ந்தபடி வாயால் சொன்னால் மோட்டார் ஓடட்டும் என்று இஎஸ்பி32 (சின்ன கன்ட்ரோலர் போர்டு), ஐஎன்எம்பி441 மைக் எல்லாம் வாங்கி இறங்கிவிட்டேன். 'போடு', 'நிறுத்து', இரண்டே சொல்தான். நான், அப்பா, தங்கச்சி மூன்று பேரும் சொல்லுக்கு 200 தடவை போனில் பேசிப் பதிவு செய்து, ஒரு நொடித் துண்டுகளாக வெட்டி, எம்எஃப்சிசி (ஒலியின் சாயலைக் காட்டும் எண்கள்) எடுத்து, சின்னதாக ஒரு சிஎன்என் (நியூரல் நெட்வொர்க் மாடல்) பழக்கினேன். லேப்டாப்பில் 97 சதவீதம் வந்தது. திண்ணையில் வைத்த அன்றே மானம் போச்சு, உள்ளே அம்மாவிடம் தங்கச்சி 'சோறு போடு' என்றாள், ரிலே (போர்டு தட்டிவிடும் மின் சுவிட்ச்) டக்கென்று ஆன். நல்லவேளை, இப்போதைக்கு பல்புதான் மாட்டியிருக்கிறேன். லேயர் இன்னும் கூட்ட வேண்டுமா?

எட்டுபிட்:
லேயரைத் தொடாதீங்க. சின்ன சிப்பில் மாடல் ஓட்ட உதவும் டென்சர்ஃப்ளோ லைட் மைக்ரோவோடு வரும் 'யெஸ்', 'நோ' மாடலே சுமார் 20 கேபிதான். அந்த 97தான் பொய். மொத்தத்தையும் கலைத்துப் போட்டு டெஸ்டுக்குப் பிரித்திருப்பீங்க, அப்போ பழகிய குரலையே திரும்பக் கேட்டு மார்க் வாங்கியிருக்கு. கூகுளின் ஸ்பீச் கமாண்ட்ஸ் தொகுப்பில் (2018 பதிப்பில் 35 சொல், 1,05,829 பதிவு) ஃபைல் பெயரிலேயே பேசியவருக்கான குறியீடு இருக்கும், ஒருவர் பேசியது முழுக்க பழக்கும் பக்கமோ டெஸ்ட் பக்கமோ ஒரே பக்கம் விழட்டும் என்றுதான் அப்படி. அப்புறம், இரண்டே வகுப்பு வைத்தால் நாய் குரைத்தாலும் அது இரண்டில் ஒன்றைத்தான் சொல்லும், வேறு வழியே கொடுக்கவில்லையே. 'மற்றவை', 'அமைதி' என்று இரண்டு சேருங்க. 'மற்றவை'யில் உங்கள் வீட்டுப் பேச்சே போகட்டும், சோறு போடு, கையெழுத்துப் போடு, சண்டை போடாதே எல்லாம். பதிவை அந்த ஐஎன்எம்பி மைக்கிலேயே எடுங்க, போன் தானாகவே இரைச்சலைக் குறைத்து சத்தத்தைச் சரிக்கட்டிவிடும்.

வைண்டிங்_கடை:
தம்பி, எனக்கு சாஃப்ட்வேர் அவ்வளவு தெரியாது. ஆனால் சொல்லே சரியில்லையே. போடு, ஓடு, கோடு, மூடு எல்லாம் வால் ஒன்றுதான், முன்னால் இருக்கிற 'ப்' காற்றடித்தால் காணாமல் போகும். வீட்டில் யாரும் சொல்லாத ஒரு பேரை வைத்து முதலில் கூப்பிடுங்கள், அது கேட்ட இரண்டு நொடிக்குள் சொன்னால்தான் கட்டளை என்று வையுங்கள். மாட்டுக்கு வைத்த பேர் மட்டும் வேண்டாம். இன்னொன்று, ஸ்டார்ட்டரில் சிவப்பு பட்டனை எக்காரணம் கொண்டும் எடுத்துவிடாதீர்கள். ரிலேயைப் பச்சை பட்டனுக்குப் பக்கவாட்டில் கொடுத்து ஒரு நொடி தட்டிவிட்டால் போதும், அழுத்திப் பிடித்தே வைத்தால் கரண்ட் போய் வரும்போது மோட்டார் தானாக ஓட ஆரம்பிக்கும், கிணற்றுக்குள் ஆள் இருந்தால் என்ன ஆவது?

மிஸ்டுகால்:
ஜிஎஸ்எம் ஸ்டார்ட்டர் (சிம் கார்டு போட்டது) மாட்டினால் ஒரு மிஸ்டு கால், முடிந்தது வேலை. எதற்கு இவ்வளவு பாடு?

கிணத்துக்காரன்:
@மிஸ்டுகால் கண்ணாடி இல்லாமல் அப்பாவுக்கு போனில் நம்பரே தெரியாது, கண்ணாடி எங்கே என்பதும் தெரியாது.

@எட்டுபிட் தங்கச்சி குரலை ஒதுக்கி வைத்துவிட்டு எங்கள் இருவர் குரலில் மட்டும் பழக்கி, அவளை வைத்து டெஸ்ட் செய்தேன். 71! ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டார் எல்லோரையும் அதே மைக் முன்னால் உட்கார வைத்துப் பேச வைத்தேன், 'மற்றவை'யும் சேர்த்தாயிற்று. சோறு இப்போது நிம்மதியாகப் போடலாம்.

எட்டுபிட்:
நல்லது. ஒரே ஒரு தடவை மதிப்பு (மாடல் எவ்வளவு உறுதியாகச் சொல்கிறது என்பது, 0 முதல் 1 வரை) எகிறினால் உடனே ரிலேயைத் தட்டாதீங்க, கடைசி அரை நொடியில் வந்ததைச் சராசரி எடுத்து, அது 0.8 தாண்டினால் மட்டும் தட்டட்டும். பாதி பொய் அதிலேயே அடங்கும்.

கிணத்துக்காரன்:
செய்துவிட்டேன், நிறைய அடங்கியது. அண்ணன் சொன்ன சிவப்பு பட்டனும் அப்படியே இருக்கிறது, பேர் வைக்கிற வேலை அடுத்த வாரம். இப்போது மிச்சம் ஒன்றுதான், அப்பா இருமினால் 'நிறுத்து' என்கிறது. இருமலையும் 'மற்றவை'யில் போடலாம் என்று மைக்கை நீட்டினால் அவருக்கு இருமலே வர மாட்டேன் என்கிறது.