சிறு கடைக்காரர்களும் சேர்ந்து நேர்மையாகக் கொள்முதல் செய்ய வழி உண்டா?

மார்த்தாண்டம் ஜவுளி:
பதினாறு ஆண்டுகளாகச் சிறுவர் ஆடைக் கடை நடத்தி வருகிறேன். பனியன் சரக்கு முழுவதும் திருப்பூரிலிருந்து வருகிறது. சென்ற வாரம் வழக்கமாக வரும் ஆசிரியை ஒருவர் ஒரு சட்டையின் லேபிளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதைத் தைத்தவருக்கு என்ன கூலி கிடைத்திருக்கும்?" என்று கேட்டார். லேபிளில் அளவும் துவைக்கும் முறையும் மட்டுமே இருந்தன. எனக்கும் பதில் தெரியவில்லை. வெளிநாட்டுப் பெரிய நிறுவனங்கள் தொழிற்சங்கங்களோடு சேர்ந்து இதைச் சரிசெய்ய முயல்வதாகச் சொல்கிறார்கள். அது எப்படி நடக்கிறது, அதில் நமக்கு உதவக்கூடியது ஏதேனும் உண்டா?

வடசேரிக்காரன்:
அண்ணாச்சி, ஆள் அனுப்பி ஆடிட் செய்து சான்றிதழ் வாங்குவது மட்டும் போதாது என்பதற்குக் கராச்சியே சாட்சி. தொழிலாளர் நலனும் பாதுகாப்பும் சரியாக உள்ளன என்று தரப்படும் எஸ்.ஏ. 8000 சான்றிதழ் கிடைத்த சில வாரங்களிலேயே, 2012 செப்டம்பரில், அங்கு ஓர் ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250 பேருக்கு மேல் இறந்தார்கள். மறு ஆண்டு ஏப்ரலில் டாக்கா அருகே ராணா பிளாசா இடிந்து 1,100 பேருக்கு மேல் மாண்ட பிறகுதான், 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகளுடன் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன்படி சார்பற்ற பொறியாளர்கள் கட்டடங்களைச் சோதித்து, அறிக்கையைப் பகிரங்கமாக வெளியிட்டார்கள். பழுதைச் சரிசெய்ய மறுத்த ஆலையிடம் கையெழுத்திட்ட எவரும் சரக்கு வாங்கக் கூடாது. ஒருவர் விலகினால் இன்னொருவரிடம் விற்றுக்கொள்ளலாம் என்ற வழி அங்கே அடைபட்டது.

நமக்குப் பக்கத்திலேயே, 2022-இல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம் ஓர் எடுத்துக்காட்டு. ஆலையில் வேலை செய்த இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அந்த ஆலையை நடத்திய ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துடன் உடன்பாடு செய்தது. வெளிநாட்டு ஆடை நிறுவனங்களான எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகியவையும் தங்கள் கொள்முதலை அதனோடு பிணைத்துக்கொண்டன. சங்கம் பயிற்சி அளித்த தொழிலாளர்களே தையல் வரிசையில் கண்காணிப்பவர்களாக இருந்து, பாலியல் தொல்லையையும் சாதி இழிவையும் அங்கேயே கேட்டுப் பதிவு செய்தார்கள். வெளியாள் ஆண்டுக்கொரு முறை வந்து பார்ப்பதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு.

தோவாளை மகள்:
நான் திருப்பூரில் ஒரு கம்பெனியில் நான்கு ஆண்டுகள், தைத்த துணியில் பழுது பார்க்கும் செக்கிங்கில் இருந்தேன். ஆடிட் நாளன்று காலையில் புது முகக்கவசமும், மருந்துப் பெட்டியின் சாவியும், சொல்ல வேண்டிய பதில்கள் எழுதிய தாளும் வந்துவிடும். மாலையில் சாவி திரும்பிப் போய்விடும். விடுதி வார்டன் கதவருகே நிற்கும்போது அந்நியரிடம் யார் உண்மை சொல்வார்கள்? ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: இரவு பதினொன்று வரை எங்களை நிறுத்தி வைத்தது முதலாளியின் கெட்ட மனம் மட்டுமன்று. நிறத்தைக் கடைசி நேரத்தில் மாற்றிவிட்டு, அனுப்பும் தேதியை மாற்றாத பையரும், அதாவது சரக்கு வாங்குபவரும், அதில் பங்காளிதான். கடைக்காரர் ஐயா, உங்கள் ஆர்டர் எப்போது போகிறது என்பதையும் கொஞ்சம் பாருங்கள்.

மார்த்தாண்டம் ஜவுளி:
தங்கச்சி, சுருக்கென்றுதான் இருந்தது. கிறிஸ்துமஸ் சரக்கை நவம்பர் இறுதியில் சொல்லிவிட்டு, பத்து நாளில் வேண்டும் என்று தொலைபேசியில் சத்தம் போடுகிறவன் நான்; பணத்தைப் பொங்கலுக்குப் பிறகுதான் அனுப்புகிறேன். என் ஒரு கடையின் சரக்குக்காக எந்த உற்பத்தியாளரும் கணக்கைத் திறந்து காட்டப் போவதில்லை. ஆனால் குழித்துறை, தக்கலை, கருங்கல் பக்கம் அதே ஆளிடம் வாங்கும் கடைகள் ஐந்தாறு உள்ளன. செப்டம்பரிலேயே சேர்ந்து ஆர்டர் கொடுத்து, பாதிப் பணத்தை முன்பணமாகத் தந்து, அதற்கு ஈடாக எந்தப் பவர்டேபிள் யூனிட்டில் (கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பட்டறையில்) தைத்தது, பீஸ் ரேட் (ஓர் உருப்படிக்கான கூலி) எவ்வளவு என்பதைப் பில்லோடு எழுதித் தரும்படி கேட்கலாம் என்று தோன்றுகிறது. தக்கலைக்காரர் ஒப்புக்கொண்டுவிட்டார், குழித்துறைக்காரர் வட்டிக்கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.