கூப்பனும் கொப்புளமும்

டெக்சாஸில் படித்த காலத்தில், ஒரு காபிக் கடையில் காரிலேயே வந்து வாங்கிச் செல்பவர்களுக்கான ஜன்னலில் வேலை பார்த்தேன். கடையின் பெயர் வேண்டாம். அட்டை உறையையும் மீறி விரல் சுடும். "இவ்வளவு சூடு எதற்கு?" என்று கேட்டால், "அலுவலகம் போய்ச் சேர்ந்துதானே குடிப்பார்கள்" என்பார் மேலாளர். என் கண்ணெதிரே பாதிப் பேர் காரை நகர்த்துவதற்குள் மூடியைத் திறந்துவிடுவார்கள்.

ஒருமுறை மூடி கழன்று ஒரு பெண்ணின் மணிக்கட்டில் காபி கொட்டிவிட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொப்புளம் எழும்பியது. ஓடி வந்த மேலாளர் நீட்டியது என்ன தெரியுமா? இலவசக் காபிக்கு ஒரு கூப்பன்!

"வழக்குப் போட்டால் கோடீஸ்வரி ஆகியிருக்கலாம்" என்று உடன் வேலை செய்தவன் சிரித்தான். 1992இல் நியூ மெக்சிகோவின் அல்பகர்க்கியில் மெக்டொனால்ட்ஸ் காபி தன் மேல் கொட்டி வெந்துபோய், நிறுவனத்தின் மீது வழக்குப் போட்ட 79 வயது மூதாட்டியை வைத்து அமெரிக்கா முழுக்க ஓடிய கேலி அது. அவர் காரை ஓட்டவில்லை. நிறுத்திய காரில் பேரனுக்குப் பக்கத்தில் இருந்தார். காபியின் சூடு 82 முதல் 88 டிகிரி செல்சியஸ். அணிந்திருந்த துணி அதை உறிஞ்சித் தொடையோடு ஒட்டிக்கொள்ள, வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டவேண்டியதாயிற்று. அவர் கேட்டது 20,000 டாலர். நிறுவனம் தர முன்வந்தது 800. அதற்குமுன் பத்தாண்டுகளில் 700க்கும் மேற்பட்ட புகார்கள் வந்திருந்தும் சூட்டைக் குறைக்கவில்லை. 1994இல் ஜூரிக்கு, அதாவது வழக்கைக் கேட்ட பொதுமக்கள் குழுவுக்கு, கோபம் வந்ததும் அதனால்தான். மூதாட்டியின் மீதும் 20 சதவீதத் தவறு என்று இழப்பீட்டில் கழித்துவிட்டுத்தான், 27 லட்சம் டாலரைத் தண்டனைத் தொகையாகச் சேர்த்தார்கள். நீதிபதி மொத்தத்தையும் 6,40,000 டாலராக வெட்டினார்; பிறகு இரு தரப்பும் ரகசியத் தொகைக்குச் சமரசமாயின. வெட்டியதைப் பற்றி யார் பேசினார்கள்?

*

தம்பி, உங்கள் காபிக் கடை அனுபவத்தைப் படித்தேன். நாங்கள் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம். 2025 மார்ச்சில் இங்கே ஸ்டார்பக்ஸ் மீதான வழக்கில், தட்டில் சரியாகப் பொருத்தாத கோப்பை மடியில் கவிழ்ந்து வெந்துபோன டெலிவரி ஓட்டுநருக்கு ஜூரி 5 கோடி டாலர் என்றது. நிறுவனம் மேல்முறையீடு செய்யப்போவதாகச் சொன்னது. என் கணவருக்கும் அதே தொழில்தான். தட்டை வாங்கியதும் ஒவ்வொரு கோப்பையையும் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார். பின்னால் நிற்பவர் ஹாரன் அடித்தால், அடித்துக்கொள்ளட்டும் என்கிறார்.