ஷ்லீவ் ரஸல் ஜிக்: டின் விசிலில் ஊதினால் வேறு பாட்டாகிவிடுகிறது

புதுவிசில்:
டி சுருதி டின் விசில் (ஆறு துளை உள்ள சின்ன உலோகக் குழல்) வாங்கி மூன்று மாதம் ஆகிறது, இப்போது ஷ்லீவ் ரஸல் என்ற ஐரிஷ் ஜிக் (நடன மெட்டு) பழகுகிறேன். தாளில் இருக்கிற ஸ்வரத்தைத்தான் ஊதுகிறேன், ஆனால் ரெக்கார்டில் லேசான ஏக்கத்தோடு கேட்கிற மெட்டு என்னிடம் வந்ததும் குஷிப் பாட்டாகிவிடுகிறது. தாளமும் தகிட தகிட என்று ஒரே சீராகப் போய், தையல் மெஷின் ஓடுகிற மாதிரி இருக்கிறதாம், வீட்டில் சிரிக்கிறார்கள். எங்கே தப்பு?

மூங்கில்காடு:
‘சி’ ஸ்வரத்துக்கு ஆறு துளையையும் திறந்துவிடுகிறீர்களா? அப்படித் திறந்தால் டி விசிலில் வருவது சி ஷார்ப், அதாவது அரை ஸ்வரம் ஏறிய சி. இந்த ஜிக் ஏ டோரியன் என்ற ஸ்வர வரிசையில் இருக்கிறது, இதற்கு ஷார்ப் இல்லாத சி வேண்டும். வாய்ப்பக்கத்திலிருந்து எண்ணி முதல் துளையைத் திறந்து, இரண்டையும் மூன்றையும் மூடி, மற்றதைத் திறந்தே வைத்து ஊதிப் பாருங்கள். ‘ஏ’யை ஸட்ஜமாக வைத்தால் இது கரகரப்பிரியா வரிசை. நீங்கள் ‘சி’யை, அதாவது காந்தாரத்தை, ஏற்றி ஹரிகாம்போதி ஆக்கிவிட்டீர்கள், பிறகு ஏக்கம் எங்கிருந்து வரும்!

மழைநாள்:
கரகரப்பிரியா என்றதும் கமகம் போட்டு இழுத்துவிடாதீர்கள், வரிசை மட்டும்தான் ஒன்று. ஐரிஷ் பாணியில் அலங்காரம் என்றால் ‘கட்’: மேலே ஒரு விரலைக் கண்ணிமைக்கும் நேரம் தூக்கி வைப்பது, அவ்வளவுதான். தாளம் 6/8, அதாவது ஒரு பாருக்கு (ஒரு தாளச் சுற்றுக்கு) மும்மூன்றாக ஆறு எண்ணிக்கை, காலால் இரண்டே தட்டு. மூன்று ஸ்வரத்தில் முதலாவதைத் துளி நீட்டி நடுவில் உள்ளதைக் கொஞ்சம் விழுங்குங்கள், எல்லா ஸ்வரத்துக்கும் நாக்கைத் தட்ட வேண்டாம், தையல் மெஷின் தானாக நின்றுவிடும். எட்டெட்டு பாராக இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் இரண்டு முறை. பப் செஷனில் (மதுக்கூடத்தில் கூடி வாசிக்கும்போது) இதையே பெரும்பாலும் மூன்று சுற்று வாசித்துவிட்டு, நிறுத்தாமல் அடுத்த ஜிக்குக்குத் தாவிவிடுவார்கள், அதனால் இன்னொன்றையும் சேர்த்தே பழகுங்கள்.

புதுவிசில்:
ஆறும் திறந்துதான் ஊதினேன், மானம் போச்சு! இப்போது ‘சி’ வருகிறது, ஆனால் வேகமாகப் போனால் விரல் பின்னுகிறது. சரி, இந்த ரஸல் யார், மெட்டுப் போட்டவரா?

மூங்கில்காடு:
ஆள் இல்லை, மலை! ஷ்லீவ் என்றாலே ஐரிஷில் மலைதான். அயர்லாந்தில் காவன் மாவட்டத்தில் பாலிகானல் ஊர்ப் பக்கம், வடக்கே ஃபெர்மானா மாவட்ட எல்லையை ஒட்டி நிற்கிறது. உயரம் 400 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். வரைபடத்தில் ஸ்லீவ் ரஷன் என்றும் பார்க்கலாம். இப்போது மேலே காற்றாலைகள் சுற்றுகின்றன. விரல் பின்னுவதற்கு மருந்து ஒன்றுதான், பாதி வேகத்தில் ஒரு வாரம் ஊதுங்கள்.